ஏற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான்: டிரெயில் மின்சைக்கிளா, டவுன்ஹில் மின்சைக்கிளா?

மலைப்பாதைக்கென்று மின்சைக்கிள் வாங்க முடிவு செய்தவர், மோட்டார், பேட்டரி, உள்ளூர்ச் சட்டம் என்று எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகும் ஒரு கேள்வியில் வந்து மாட்டிக்கொள்வார்: ஏறவும் இறங்கவும் பொதுவான டிரெயில் வண்டியை எடுப்பதா, கடும் இறக்கத்தை மனதில் வைத்துச் செய்த, டவுன்ஹில் பக்கம் சாய்ந்த வண்டியை எடுப்பதா? மோட்டார் இல்லாத சைக்கிளில் இதற்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. மேலே ஏற்றுவது சொந்தக் கால்கள் என்பதால், எவ்வளவு கனத்தை மிதித்து ஏற்ற முடியுமோ அவ்வளவு வண்டியைத்தான் வாங்கினோம். இறக்கத்தில் கூடுதல் சுகம் வேண்டும் என்றால் அதற்கான தண்டனையை ஏற்றத்தில் முன்கூட்டியே அனுபவித்தோம். மோட்டார் வந்ததும் அந்தக் கணக்கு அடியோடு மாறிவிட்டது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் இன்னும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரே நிறுவனம் செய்த இரண்டு வண்டிகளை, ஒரே மோட்டார், ஒரே 750 வாட்-மணி பேட்டரியோடு, ஒரே பாதைகளில் ஏழு வாரம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

முதலில் வண்டிகளைப் பற்றி. டிரெயில் வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 150 மி.மீ. அமுங்கும், பின் ஷாக்கின் வழியாகப் பின் சக்கரம் 140 மி.மீ. மேலே வரும். ஃபோர்க்கின் கால்கள் 36 மி.மீ. தடிமன்; ஹெட் ஆங்கிள் எனப்படும் முன்பக்கச் சாய்வு 65.5 பாகை (இந்த எண் குறையக் குறைய ஃபோர்க் அதிகம் சாய்ந்திருக்கும்), இரு சக்கரங்களும் 29 அங்குலம், பெடலோடு சேர்த்து எடை 22.5 கிலோ. டவுன்ஹில் வண்டியில் முன்னே 180, பின்னே 170 மி.மீ.; ஃபோர்க்கின் கால்கள் 38 மி.மீ.; சாய்வு 63.5 பாகை, முன் சக்கரம் 29, பின் சக்கரம் 27.5 அங்குலம், எடை 25.4 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடையிலான நீளத்தில் பெரிய வண்டி ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். தாளில் பார்க்கும்போது இவை அற்ப வித்தியாசங்களாகத் தோன்றும். நிறுத்தி வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தாலோ, ஒன்று சைக்கிளாகவும் மற்றொன்று என்ஜின் கழற்றப்பட்ட மோட்டார் சைக்கிளாகவும் தெரியும்.

'டவுன்ஹில் பக்கம் சாய்ந்த' என்று நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயத்துக்கான அசல் டவுன்ஹில் சைக்கிள் 200 மி.மீ. சஸ்பென்ஷனும், ஃபிரேமின் முன் குழாய்க்கு மேலும் கீழும் பிடித்து நிற்கும் இரட்டைக் கிரீட ஃபோர்க்கும் கொண்டது. அதில் மேலேறுவதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. மோட்டார் பொருத்திய வகையில் அப்படிப்பட்டவை அரிது. கடைகளில் டவுன்ஹில் மின்சைக்கிள் என்று காட்டப்படுபவை பெரும்பாலும் 170, 180 மி.மீ. அளவில் நிற்பவை. சாண்டா குரூஸ் நிறுவனத்தில் ஹெக்லர் ஒரு பக்கம், 170 மி.மீ. புல்லிட் மறுபக்கம்; கேன்யன் நிறுவனத்தில் ஸ்பெக்ட்ரல் ஆன் ஒரு பக்கம், டார்க் ஆன் மறுபக்கம் என்று பல நிறுவனங்கள் இப்படி இணை இணையாகவே வண்டிகளை விற்று வந்திருக்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்படுவது நான் ஓட்டிய இரண்டுக்கு மட்டுமல்லாமல், அந்த இணைகளுக்கும் பெருமளவு பொருந்தும்.

ஏற்றத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலோர் அஞ்சுவது அங்கேதான். மூன்று கிலோ கூடுதல் என்றதும் 'அத்தனையையும் மேலே ஏற்ற வேண்டுமே' என்ற கவலை வருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரும் அவர் பையும் சேர்த்து 80 கிலோ என்று கொள்வோம். டிரெயில் வண்டியோடு 102.5 கிலோ, அதை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 279 வாட்-மணி ஆற்றல் வேண்டும். டவுன்ஹில் வண்டியோடு 105.4 கிலோ, அதற்கு 287. ஆயிரம் மீட்டர் ஏறியும் வித்தியாசம் எட்டு வாட்-மணிதான்; மோட்டாரில் வெப்பமாக வீணாவதைச் சேர்த்துப் பத்து என்று வைத்துக்கொண்டாலும், 750 வாட்-மணி பேட்டரியில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைத் தொடாது. அந்த வித்தியாசத்தையும் மோட்டாரே சுமக்கிறது. இரண்டிலும் இருந்தது 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் மோட்டார். போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 ஆகியவை இந்த அளவில்தான் பெயர் வாங்கின. இவ்வளவு விசை காலடியில் இருக்கும்போது மூன்று கிலோ வித்தியாசம் தொடையில் உறைப்பதில்லை.

எடையைவிடப் பேட்டரியைத் தின்பது டயர். டவுன்ஹில் வண்டியோடு வரும் டயர்கள் மென்மையான, ஒட்டிப் பிடிக்கும் ரப்பரால் ஆனவை. உருளும்போது இழுத்துப் பிடிக்கும். உருளும் எதிர்ப்பு மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு கூடினாலே போதும், எதிர்த்து இழுக்கும் விசை பத்து நியூட்டன் அதிகமாகிறது. இருபது கிலோமீட்டருக்கு அது 55 வாட்-மணிக்கு மேல். மூன்று கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கு ஆகும் செலவைப் போல ஏழு மடங்கு இது. நான் வழக்கமாகச் சுற்றும் பாதையின் முடிவில் டிரெயில் வண்டியின் பேட்டரி விளக்கில் இரண்டு கோடுகள் மிஞ்சியிருக்கும். பெரிய வண்டியில் ஒன்றுதான் மிஞ்சும். இது வண்டியின் கனத்தால் வந்தது என்றுதான் முதல் வாரம் நினைத்திருந்தேன். இரண்டிலும் டயர் வகையை மாற்றி, அதனதன் சக்கர அளவில் போட்டபோது கோடுகளும் ஏறக்குறைய இடம் மாறிக்கொண்டன.

செங்குத்தான, பெயர்ந்த கற்கள் நிறைந்த ஏற்றங்களில் பெரிய வண்டி ஒருவகையில் முந்தியே நின்றது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். நீளம் கூடுதல் என்பதால் முன் சக்கரம் எளிதில் தரையை விட்டுக் கிளம்புவதில்லை. ஒட்டும் ரப்பர் வேர்களின்மேல் வழுக்குவதில்லை. பின் சஸ்பென்ஷன் கல்லின் வடிவத்துக்கு இசைந்து கொடுப்பதால் சக்கரம் சுழன்று வீணாவதும் குறைவு. சாய்ந்த முன்பக்கம் ஏற்றத்தில் திசை தடுமாறும் என்ற பழைய குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் இப்போதைய வண்டிகளில் சீட் குழாய் 77, 78 பாகை என்று நிமிர்ந்து நிற்பதால் உடல் எடை முன்னுக்கு வந்துவிடுகிறது, தடுமாற்றம் மிக மெதுவாகப் போகும்போது மட்டுமே தலைகாட்டுகிறது. இரண்டிலும் பெடல் தண்டு 160 மி.மீ. தான். மின்சைக்கிளில் ஏற்றத்திலும் மிதிப்பதை நிறுத்துவதில்லை என்பதால் நீண்ட தண்டு கல்லில் இடிக்கும். குட்டையானதை வைத்திருப்பது நல்ல முடிவு.

ஏற்றத்தில் இரண்டும் சமம் என்றாகிவிட்டால், இறக்கத்தில் சிறந்ததை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வித்தியாசம் ஒளிந்திருந்த இடம் வேறு. ஏற்றமும் இல்லாத, இறக்கமும் இல்லாத, அலை போல் ஏறி இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதையில் அது இருந்தது.

ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அமெரிக்காவில் முதல் வகுப்பு மின்சைக்கிளுக்கு அந்த எல்லை 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். 25 எல்லை உள்ள வண்டியில், லேசான இறக்கமுள்ள பாதையில் வேகம் 26, 27 என்று தொடும் அந்த நொடியில் முதுகில் இருந்த கை எடுக்கப்பட்டுவிடும். அதற்குமேல் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் காலின் உழைப்பு. அங்கே டிரெயில் வண்டி ஓரளவு ஒத்துழைக்கிறது: மேட்டின் பின்புறத்தில் உடலை அழுத்தி இறக்கினால் வேகம் பிறக்கிறது, அடுத்த மேட்டில் கையை லேசாக இழுத்தால் முன் சக்கரம் எழுகிறது, மூன்று மிதியில் வேகம் நிலைக்கிறது. பெரிய வண்டியிலோ, கீழே அழுத்திய விசை முழுவதையும் 170 மி.மீ. சஸ்பென்ஷன் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நிற்கிறது. சேற்றில் நடப்பது போன்ற உணர்வு. மோட்டார் விட்டு விட்டுப் பிடிக்கும் அந்த 25-ஆம் கிலோமீட்டரின் இரு பக்கமும் ஊசலாடிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டினால், ஆயிரம் மீட்டர் ஏறியதைவிட அதிகக் களைப்பு வருகிறது. 32 எல்லை உள்ள இடங்களில் ஓட்டுபவருக்கு இந்தக் குறை பாதியாகக் குறையும். தேர்வில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மெதுவான வளைவு. நான் ஓட்டும் பாதை ஒன்றில் கொண்டை ஊசி போல் வளையும் திருப்பம் இருக்கிறது. உள்பக்கம் ஒரு மரத்தின் அடி, வெளிப்பக்கம் இடுப்பளவு இறங்கும் கரை. டிரெயில் வண்டியில் அதற்குள் நுழையும்போது உள்பக்கத் தோளைச் சற்று இறக்கி, பின் பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் போதும், வண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பெரிய வண்டியில் முதல் நான்கு முறை நான் காலை ஊன்றினேன். சாய்ந்த ஃபோர்க் என்பதால் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது முன் சக்கரம் ஓர் அளவுக்குமேல் தானாகவே பக்கவாட்டில் சாய்ந்து விழப் பார்க்கிறது. நீளம் கூடுதல் என்பதால் பின் சக்கரம் மரத்தின் அடியில் உரசுகிறது. ஐந்தாம் முறை, வெளிக்கரையின் விளிம்புவரை போய் அகலமாக நுழைந்து, எடையை முன்னே தள்ளித் திருப்பினேன், வந்தது. கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் ஒரு பாதையில் இப்படி முப்பது திருப்பங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் வண்டியோடு பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பின் சக்கரம் 27.5 அங்குலமாக இருப்பது இதில் கொஞ்சம் உதவுகிறது. ரிம்மின் விட்டத்தில் 29-க்கும் அதற்கும் 38 மி.மீ. வித்தியாசம், செங்குத்தில் பின்னுக்குச் சாய்ந்து இறங்கும்போது டயர் உடலில் படாமலும் இருக்கிறது.

இனி இறக்கம். இங்கே பெரிய வண்டியின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததுமே சஸ்பென்ஷன் தன் தூரத்தில் நூற்றுக்கு முப்பது அமுங்கி நிற்க வேண்டும். 'சேக்' என்று சொல்வது அதைத்தான். டிரெயில் வண்டியில் 140-இல் 42 போனால் அடிக்கு மிஞ்சுவது 98 மி.மீ.; பெரியதில் 170-இல் 51 போனால் மிஞ்சுவது 119. இந்த இரண்டு சென்டிமீட்டரை வாயால் சொல்லும்போது ஒன்றுமில்லை. தொடர்ச்சியாகத் தலையளவுக் கற்கள் கிடக்கும் சரிவில், முதல் கல்லில் அமுங்கிய சக்கரம் முழுதாக நீள்வதற்குள் இரண்டாவது, மூன்றாவது கல் வந்துவிடும் இடத்தில், அது எல்லாமே ஆகிவிடுகிறது. டிரெயில் வண்டியில் அந்தச் சரிவை நான் கண்ணால் படித்து, கல்லுக்கு இடையே வழி தேடி இறங்கினேன். அடியில் வந்து சேரும்போது உள்ளங்கை மரத்திருந்தது. பெரிய வண்டியில் வழியைத் தேடவில்லை. பார்வையைச் சரிவின் முடிவில் வைத்துவிட்டுப் பிரேக்கை விட்டேன். 38 மி.மீ. கால்கள் முறுக்கிக்கொள்வதில்லை என்பதால் சக்கரம் காட்டிய திசையில் போகிறது. கல்லில் பட்டுப் பக்கவாட்டில் சறுக்கினாலும் நீளமும் சாய்வும் வண்டியை மறுபடி நேராக்கிவிடுகின்றன.

இதில் மின்சைக்கிளுக்கே உரிய ஓர் இயற்பியல் சலுகையும் உண்டு. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஆறு, ஏழு கிலோ ஃபிரேமின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. சக்கரங்களின் எடை கூடவில்லை. சஸ்பென்ஷன் தாங்கும் உடலின் எடை மட்டும் கூடியிருக்கிறது. ஆகவே சக்கரம் கல்லில் பட்டு மேலே துள்ளும்போது உடல் அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் வேலை செய்கிறது. சாதாரண சைக்கிளில் 160 மி.மீ. தரும் நிதானத்தை மின்சைக்கிளில் 140 மி.மீ. நெருங்கி வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். இதன் விளைவை யோசித்தால், கனம் என்னும் குறை டிரெயில் வண்டியை அதன் அளவுக்கு மீறி இறக்கத்தில் வல்லதாக்கிவிட்டது. அதனாலேயே பெரிய வண்டியின் தேவை பலருக்குக் குறைந்துவிட்டது. விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை.

அதே கனம் பிரேக்கில் வந்து பழி வாங்குகிறது. 104 கிலோ மொத்த எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது 510 கிலோஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். காற்றிலும் டயரிலும் சஸ்பென்ஷனிலும் ஒரு பகுதி போக, செங்குத்தான பாதையில் மிச்சமெல்லாம் உள்ளங்கையளவு இரண்டு டிஸ்க்குகளில் இறங்குகிறது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களை வைத்து நடத்திய இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்ததே, ஒரு முறை இறங்கினால் பின் சக்கரத்தின் நடுவில் உள்ள பிரேக் ஹப்பின் உள்ளிருந்த கிரீஸ் எரிந்துபோய் மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால்தான். மலைச் சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை கூடப் பிறந்தது.

நான் ஓட்டிய டிரெயில் வண்டியில் முன்னே 203 மி.மீ., பின்னே 180 மி.மீ. டிஸ்க் இருந்தது. நீண்ட இறக்கத்தின் பாதியில் பின் பிரேக்கின் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரத் தொடங்கியது. நின்று குனிந்தால் சுட்ட உலோக வாடை. பெரிய வண்டியில் முன்னே 220, பின்னே 203, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் நான்கு பிஸ்டன். அதே இறக்கத்தில் லீவர் விட்ட இடத்திலேயே இருந்தது. மின்சைக்கிளில் 180 மி.மீ. பின் டிஸ்க்கைப் பொருத்தி விற்பது, எந்த நிறுவனம் செய்தாலும், சிக்கனத்தைத் தவறான இடத்தில் பிடிப்பதாகும். ஆனால் கவனியுங்கள், இது டிரெயில் என்ற வகையின் குறை அல்ல. டிஸ்க்கையும் காலிப்பருக்கான இடைத்துண்டையும் மாற்றினால் தீர்ந்துவிடுகிற, பத்து நிமிட வேலை. ஃபிரேம் எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்கில் பெரிய வண்டிக்கு உள்ள உண்மையான மேன்மை வேறு: நீளமும் சாய்வும் கூடுதல் என்பதால் செங்குத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் தலைகுப்புறக் கவிழும் அச்சம் இல்லை. இதை எந்தப் பாகத்தை மாற்றியும் டிரெயில் வண்டிக்கு வாங்கிக் கொடுக்க முடியாது.

டயரைப் பற்றி முன்பே சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை ஆறு கிலோமீட்டர் நடக்க வைத்தது அதுதான். டிரெயில் வண்டியோடு வந்த பின் டயர் மெல்லிய கேசிங் கொண்டது; ரப்பருக்கு உள்ளே இருக்கும் துணி உடலைத்தான் கேசிங் என்பது. மாக்ஸிஸ் டயர்களில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள்டவுன், டிஹெச் என்று கேசிங் தடித்துக்கொண்டே போகும் வரிசை பலருக்கும் தெரிந்திருக்கும். மற்ற நிறுவனங்களிலும் அதற்கு இணையான படிகள் உண்டு. மேல் வரிசையில் ஒரு டயருக்கே 200, 300 கிராம் கூடும். மூன்றாம் வாரம், பெரிதாக வேகமும் இல்லாத ஓர் இடத்தில், கத்தி முனை போன்ற கல் ஒன்று பின் டயரின் பக்கச் சுவரைக் கட்டை விரல் நீளத்துக்குக் கிழித்தது. டியூப்லெஸ் திரவம் அடைக்கும் ஓட்டை அல்ல அது. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டது. உள்ளே போட டியூப் வைத்திருந்தேன். கிழிந்த இடத்தில் அது புடைத்துக்கொண்டு வந்து, நூறு மீட்டர் போவதற்குள் அதுவும் வெடித்தது. 22 கிலோ வண்டியை, பின் சக்கரம் தட்டையாக, தள்ளிக்கொண்டு வந்தேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வரை மோட்டாரே தள்ளிக் கொடுக்கும் நடை உதவி என்ற பொத்தானின் அருமை அன்றுதான் தெரிந்தது.

டயர் கிழிந்ததற்கு ஓட்டியவனும் காரணம்தான். எடை குறைந்த சைக்கிளின் டயரில் 24 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துப் பழகிய கை, மின்சைக்கிளிலும் அதே அளவை வைத்துவிட்டது. ஆனாலும் இந்த எடைக்கு, பின் சக்கரத்திலாவது தடித்த கேசிங் இருந்தாக வேண்டும் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. பெரிய வண்டி டவுன்ஹில் கேசிங்கோடு வந்ததால் அந்தக் கவலையே எழவில்லை. அதற்குப் பதிலாக, முன்பு சொன்ன பேட்டரிக் கோடு ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் வசூலித்தது.

தூக்குவது, ஏற்றுவது, வீட்டுக்குள் நிறுத்துவது ஆகியவற்றில் 22.5-க்கும் 25.4-க்கும் இடையே மனநிலை மாற்றம் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டுமே கனம்தான். பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட முன் சக்கரத்தை ஏற்றி வைத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிப் போடுவதே வழி. தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்ற எண்ணத்தை இரண்டிலும் விட்டுவிடலாம். காரின் பின்புறத் தாங்கியில் ஏற்றுபவர், அது ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது; பேட்டரியைக் கழற்ற முடிந்தால் மூன்று, நான்கு கிலோ குறையும்.

சற்று விலகி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டவுன்ஹில் மின்சைக்கிள் என்பதே ஒரு முரண். தொங்கு நாற்காலியில் மேலேற்றிவிடும் பைக் பார்க்கில் மோட்டாருக்கு வேலை இல்லை. அங்கே சாதாரண டவுன்ஹில் சைக்கிளே ஏழெட்டு கிலோ குறைவாக, இன்னும் துடிப்பாக இறங்கும். எடையின் காரணமாக மின்சைக்கிளை நாற்காலியில் ஏற்ற மறுக்கும் இடங்களும் உண்டு. ஆகவே இந்த வகை வண்டிக்கு உண்மையான வீடு, இறக்கம் பைக் பார்க் அளவுக்குக் கடுமையாகவும், மேலே ஏற்றிவிட யாரும் இல்லாததாகவும் உள்ள மலை. அப்படி ஒரு மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு ஒரு பேட்டரியில் நான்கைந்து முறை ஏறி இறங்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அவருக்கு இதைவிட நல்ல வண்டி வேறில்லை.

பராமரிப்பில் 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று பெரிய வண்டியைப் பற்றிச் சொல்லப்படுவது பாதி உண்மை. ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுவது, ஷாக்கின் சீல்களை மாற்றுவது ஆகியவை இரண்டுக்கும் ஒரே மணிக்கணக்கில்தான் வருகின்றன. மோட்டாரின் விசை செயினையும் பல்சக்கரங்களையும் தேய்ப்பதும் இரண்டிலும் ஒன்றே. சுமை ஏறியிருக்கும்போது கியர் மாற்றாமல், ஒரு கணம் காலைத் தளர்த்தி மாற்றப் பழகினால் இரண்டிலும் ஆயுள் கூடும். பெரிய வண்டியில் கூடுதலாகச் செலவு வைப்பவை பிரேக் பேடும் மென்ரப்பர் டயரும். டயரின் நடுக்கட்டைகள் ஏழு வாரத்தில் பாதி உயரத்துக்கு வந்துவிட்டன, அதுவும் சரளைச் சாலையில் ஏறியே தேய்ந்தவை.

கற்சரிவில் இறங்கும்போது மோட்டாருக்குள்ளிருந்து 'கடகட' என்று ஓசை வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மோட்டார்களில் உள்ளே இருக்கும் கிளட்ச்சும் பற்களும் மிதிக்காதபோது தளர்ந்து ஆடுவதால் வருவது, பழுது அல்ல. பெரிய வண்டியில் மற்ற எல்லா அதிர்வையும் சஸ்பென்ஷன் விழுங்கிவிடுவதால் இந்த ஓசை மட்டும் தனியே கேட்டது. காது கூர்மையானவர்கள் வாங்கும் முன் ஒரு முறை கற்களின்மேல் இறக்கிக் கேட்டுவிடுவது நல்லது.

எடை குறைந்த சிறு மோட்டார்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: 50 நியூட்டன் மீட்டர் தரும் டிக்யூ ஹெச்பிஆர்50, 55-இல் அறிமுகமான போஷ் எஸ்எக்ஸ் போன்றவை டிரெயில் வண்டியில் மிக அழகாகப் பொருந்துகின்றன, ஆனால் நான் மேலே போட்ட கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே கால்களின் பங்கு கூடுவதால் ஒவ்வொரு கிலோவும் மறுபடி உறைக்கத் தொடங்கும்.

யாருக்கு எது என்ற கேள்விக்கு என் விடையை ஒளிக்காமல் சொல்கிறேன். பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்கு டிரெயில் வண்டியைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் ஏற்றம் அல்ல. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் அவர்கள் செலவிடும் நேரம். தாங்கள் ஓட்டும் பாதையை மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, மோட்டார் எல்லையின் ஓரத்தில் உருண்டு போகும் பகுதி எவ்வளவு என்று அவர்கள் அளந்துகொள்ள வேண்டும். அது பாதிக்கு மேல் என்றால் பெரிய வண்டி வீட்டில் நின்று அழகு காட்டும், பாதையில் சலிப்பூட்டும். மீதி இரண்டு பேர், சாலை வழியே ஏறி நேராக உச்சிக்குப் போய், அங்கிருந்து கடுமையான பாதையில் இறங்கி, மறுபடி அதே சாலைக்கு வருபவர்கள். நடுப்பகுதி என்ற ஒன்றே அவர்கள் சுற்றில் இல்லை. அவர்கள் தயங்காமல் பெரியதை எடுக்கலாம். கை, மணிக்கட்டு வலி உள்ளவர்களையும், செங்குத்தில் அஞ்சுபவர்களையும் நான் அந்தப் பக்கமே அனுப்புவேன். பெரிய வண்டி திறமைசாலிகளுக்கு மட்டுமே என்ற பேச்சு எனக்கு ஒப்புதலில்லை, அது மன்னிக்கும் பிழைகள் டிரெயில் வண்டி மன்னிப்பதைவிட அதிகம்.

ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் எல்லோரும் செய்வது, மோட்டாரை உச்சத்தில் வைத்து ஒரு மேட்டில் ஏறிச் சிரித்துக்கொண்டே திரும்புவது. அதில் ஒன்றும் தெரியாது; இரண்டும் ஒரே மாதிரி ஏறும். அதற்குப் பதிலாக மோட்டாரை அணைத்துவிட்டுச் சமதளத்தில் ஐந்து நிமிடம் மிதித்துப் பாருங்கள், பிறகு நடை வேகத்தில் வலமும் இடமும் எட்டுப் போட்டுப் பாருங்கள், இரண்டு மரங்களுக்கு நடுவே.

நான் கடைசியில் டிரெயில் வண்டியை வைத்துக்கொண்டேன். முதல் மாதத்தில் பின் டயரை இரட்டைப் படல கேசிங்குக்கும், பின் டிஸ்க்கை 203-க்கும் மாற்றினேன். பிறகு ஃபோர்க்கின் காற்றுத் தண்டை மாற்றி 150-ஐ 160 ஆக்கினேன், ஃபிரேமின் உற்பத்தியாளர் அதை அனுமதிக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு. முன்பக்கம் பத்து மில்லிமீட்டர் எழுந்ததில் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ அரைப் பாகை குறைந்து 65-க்கு வந்தது. எடை 23.1 கிலோ. மரத்தடித் திருப்பத்தில் இன்னும் ஒரே முயற்சியில் திரும்புகிறது. கற்சரிவில் மட்டும் உள்ளங்கை இன்னும் கொஞ்சம் மரக்கத்தான் செய்கிறது.